வயலெலி: காவிரிப் படுகையின் பகையும் உணவும்

கார்த்திகை மழை வெறித்துச் சம்பாப் பயிர் தொண்டைக்கதிர் தள்ளத் தொடங்கும் நாட்களில், பொழுது சாயும் நேரத்தில் தஞ்சைப் பக்கத்து வரப்புகளில் எலிப்பொறி வைக்கும் கிட்டிக்காரரைப் பார்க்கலாம். தோளில் மூங்கில் கிட்டிகள் கட்டாகத் தொங்கும். அவர் நடப்பதைவிட நின்று பார்ப்பதுதான் அதிகம். வரப்போரம் புதுமண் தள்ளியிருக்கிறதா, சேற்றில் வால் இழுபட்ட கோடு தெரிகிறதா, அடித்தூரில் சாய்வாகக் கடித்து வீழ்த்திய பயிர் கிடக்கிறதா என்று பார்த்து, எலி நடக்கும் தடத்தில் கிட்டியை ஊன்றுவார். விடியலில் திரும்பி வந்து விழுந்த எலிகளை எண்ணுவார். நிலத்துக்காரரிடம் கணக்குக் காட்டிக் கூலி வாங்குவார். எலிகளில் நல்லவை அவர் வீட்டு அடுப்புக்குப் போகும். மீந்ததைக் காகமும் பருந்தும் பார்த்துக்கொள்ளும்.

ஒரே எலி ஒரே இரவில் விவசாயிக்குப் பகையாகவும், தொழிலாளிக்குக் கூலியாகவும், ஒரு குடும்பத்துக்குக் கறியாகவும், பறவைக்கு இரையாகவும் ஆகிவிடுகிறது. இந்த நான்கையும் சேர்த்துப் பார்க்காமல், எலியை ஒழிக்க வேண்டிய ஒன்றாக மட்டும் பார்த்ததால் நேர்ந்த விளைவுகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முயல் நாடும் எலி நாடும்

பயிரைத் தின்னும் சிறு விலங்கு, ஏழையின் இறைச்சி, இரைகொல்லிகளுக்கு ஆதாரம் என்ற மூன்று வேடத்தையும் மேலை நாடுகளில் போடுவது காட்டு முயல். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாப் பகுதியில் 1859இல் வேட்டைப் பொழுதுபோக்குக்காக விடப்பட்ட சுமார் 2 டஜன் முயல்கள் சில பத்தாண்டுகளில் கண்டமெங்கும் பரவின. வேலி கட்டியும் நஞ்சு வைத்தும் அடங்காமல், 1950இல் நோய்க்கிருமியைப் பரப்பி அவற்றைக் கொன்றார்கள். அதே முயல்தான் அங்கே நெருக்கடிக் காலங்களில் ஏழைகளின் பானையையும் நிரப்பியது.

நம் நாட்டில் வளை தோண்டி வாழும் அந்த முயல் காட்டில் இல்லை. இங்கிருப்பது கரும்பிடரி முயல். அது வளை தோண்டாது. புல்மறைவில் பதுங்கிக் கிடக்கும். தண்ணீர் நிற்கும் நன்செய் அதற்கு ஒத்துவராது. கோடியக்கரை போன்ற காடும் மேடும் உள்ள இடங்களில்தான் அதைப் பார்க்க முடியும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம். மேலை நாட்டு வயலில் முயலுக்குள்ள இடம் காவிரிப் படுகையில் வயலெலிக்கு உரியது. 1972ஆம் ஆண்டின் அதே சட்டம் எலியையும் காகத்தையும் பழந்தின்னி வௌவாலையும் தீங்குயிர் என்று ஓர் அட்டவணையில் அடைத்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த அட்டவணையே எடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் எலிக்குப் பாதுகாப்பு ஏதும் வரவில்லை.

வரப்புக்குள் ஒரு வீடு

வயலெலி என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒரே இனம் இல்லை. கரம்பை எலி, புல் எலி, வெள்ளெலி, வயல் சுண்டெலி ஆகியவை நம் வயல்களில் முக்கியமானவை. வெள்ளெலி மேட்டு நிலத்தை விரும்பும். சுண்டெலி சிறிய வரப்பிலும் குடியிருக்கும். நன்செய்க்குப் பெரும் சேதம் செய்வது கரம்பை எலி. முரட்டு மயிரும் பருத்த முகமும் கொண்ட இது நன்றாக நீந்தும். வயலில் தண்ணீர் நிற்பது அதற்குத் தடையே இல்லை.

கரம்பை எலியின் வங்கை வெட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் திறமை புரியும். வாசலில் மண்ணைக் குவித்து உள்ளிருந்தே அடைத்திருக்கும். உள்ளே கிளை கிளையாகப் பாதைகள் போகும். ஓர் அறையில் வைக்கோலும் புல்லும் பரப்பிய படுக்கை, இன்னோர் அறையில் கதிர் கதிராக அடுக்கிய நெல். எல்லாவற்றுக்கும் அப்பால் ஒரு தப்பும் வழி, மேலே விரலளவு மண் மட்டும் விட்டு வைத்திருக்கும். ஆபத்து வந்தால் அந்த மண்ணை முட்டிக்கொண்டு பாய்ந்துவிடும். வளர்ந்த எலி பெரும்பாலும் ஒரு வங்கில் ஒன்றுதான் இருக்கும்; குட்டி போட்ட தாய் மட்டும் விலக்கு. ஏறத்தாழ 3 வாரச் சூலில் ஓர் ஈற்றுக்கு 6, 8 குட்டிகள் பிறக்கின்றன. பிறந்த குட்டி சில மாதங்களிலேயே தானும் ஈனத் தொடங்கிவிடும்.

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். கடித்துத் தேய்த்தால்தான் வாய் மூடும். அதனால் அது தின்பதைவிடக் கடித்துப் போடுவது அதிகம். பயிர் சூல் கட்டும் பருவத்தில் தண்டுக்குள்ளிருக்கும் இளங்கதிரின் இனிப்புக்காகத் தூரையே சாய்த்துவிடும். நாற்றங்காலில் வெட்டினால் மறுநாற்று விடலாம், தூர் கட்டும்போது வெட்டினால் பக்கத்தூர் வரும். தொண்டைக்கதிரில் வெட்டினால் போனது போனதுதான்.

ஆசிய நெல் விளைச்சலில் எலியால் 6 விழுக்காடு போகிறது என்று வைத்துக்கொண்டாலும், அது இந்தோனேசிய நாட்டு மக்கள் அனைவருக்கும் ஓராண்டுச் சோறு என்று ஆராய்ச்சியாளர் கிராண்ட் சிங்கிள்டன் 2003இல் கணக்கிட்டார். ஊர்க் கணக்கில் இந்த இழப்பு ஒரே சீராக விழுவதில்லை. ஒருவர் வயல் தப்பிக்கும், பக்கத்து வயலில் நடுவே கூடாரம் அடித்ததுபோல் வட்டமாகப் பயிர் காணாமல் போயிருக்கும். நெல் போவது ஒரு பக்கம் என்றால், எலி துளைத்த வரப்பில் தண்ணீர் நிற்காமல் ஒழுகிப் போவது இன்னொரு பக்கம். வாய்க்கால் கரை உடைவதற்கும் பல நேரம் வங்குதான் தொடக்கம்.

எலி பெருகியதற்குக் காரணம் எலி மட்டும் இல்லை. குறுவை, சம்பா, தாளடி, அதன்பின் உளுந்தும் பயறும் என்று படுகையில் ஆண்டின் பெரும்பகுதி வயலில் ஏதோ ஒரு பயிர் நிற்கிறது. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்தால் ஊரெல்லாம் ஏறத்தாழ ஒரே வாரத்தில் நடவு நடக்கும். திறப்பு தள்ளிப்போகிற ஆண்டில் மோட்டார் வைத்திருப்பவர் முன்னால் நடுகிறார், ஆற்றுநீரை நம்பியவர் பின்னால் நடுகிறார். கதிர் வரும் காலம் ஒரு வாரத்திலிருந்து 2 மாதமாக நீள்கிறது. எலிக்கு விருந்தும் அதே அளவு நீள்கிறது. ஆண்டுதோறும் வரப்பின் அண்டை வெட்டிச் சேறு பூசி மெலிதாக வைத்திருந்த வழக்கமும் ஆள் கூலியோடு குறைந்தது. தடித்துப் புல் மண்டிய வரப்பு எலிக்குக் கட்டிக் கொடுத்த வீடு. வரப்பு 45 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமுமாக இருந்தால் போதும் என்று வேளாண் துறை சொல்லிவரும் காரணம் இதுதான்.

கிட்டியும் புகைச்சட்டியும்

இந்தியாவின் வேளாண் பாடநூல்களில் ஒரு பொறி நம் ஊர்ப் பெயரோடு நிற்கிறது: தஞ்சாவூர்க் கிட்டி, தஞ்சாவூர் வில்பொறி என்றும் சொல்வார்கள். மூங்கில் பிளாச்சும் முறுக்குக் கயிறும்தான் அதன் மூலப்பொருள். வளைத்த மூங்கில் வில்லாக இழுபட்டு நிற்கும். இரையைத் தொட்டதும் கொக்கி விடுபட்டுக் கயிறு கழுத்தை இறுக்கும். செலவு சொற்பம், நஞ்சு இல்லை, பழுதானால் செய்தவரே சரிசெய்வார். பொறியைவிடப் பெரிய திறமை அதை வைக்கும் இடத்தில் இருக்கிறது. எலி புதுப்பொருளைக் கண்டால் விலகும் சந்தேகப் பிராணி. அது நாள்தோறும் நடக்கும் தடத்தில், காற்று வாசனை தெரியாதபடி வைக்கத் தெரிந்தவருக்குத்தான் கிட்டி வேலை செய்யும்.

இரண்டாவது முறை புகை. அடியில் சிறு துளையிட்ட மண்சட்டியில் வைக்கோலும் வறட்டியும் திணித்துக் கொளுத்தி, வாயை வங்கின் வாசலில் பொருத்தி, துளை வழியாக ஊதுவார்கள். மற்ற வாசல்களைச் சேறு வைத்து அடைத்திருப்பார்கள். மூச்சுத் திணறிய எலியைப் பிறகு வெட்டி எடுப்பார்கள். வடதமிழகத்து இருளர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். வாயால் ஊதியதால் நெருப்புச் சுட்டுத் தழும்பு விழுந்த உதடுகளும், புகை ஏறிய நெஞ்சும் அவர்களுக்குப் பரம்பரைச் சொத்தாக இருந்தன. சட்டிக்குப் பதிலாகக் கையால் சுற்றி ஊதும் இரும்புப் புகைக்கருவியை அவர்களுக்காக உருவாக்கிய சென்னைத் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு 2003இல் உலக வங்கிப் பரிசு கிடைத்தது. ஒரு தொழிலாளியின் மூச்சைக் காக்க இவ்வளவு எளிய கருவி போதுமாக இருந்தும், அது வர அவ்வளவு காலம் ஆயிற்று.

வங்கு வெட்டுவதில் இன்னொரு வரவும் இருந்தது. அறுவடைக்குப் பின் உழைப்பாளிக் குடும்பங்கள் வரப்பில் எலிவளைகளைத் தோண்டி அதில் சேர்த்து வைத்த நெல்லைக் கூடையில் அள்ளி வருவார்கள். எலியையும் விடமாட்டார்கள், அதன் களஞ்சியத்தையும் விடமாட்டார்கள். நிலம் சிலர் கையில் குவிந்து, உழைத்தவருக்குப் படி நெல் அளந்துதான் கொடுக்கப்பட்ட பழைய தஞ்சையில், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. அந்தச் சூழலில் வங்கு நெல் பல வீடுகளில் உலை ஏற்றியது. 2011 ஜூன் முதல் ரேஷனில் விலையில்லா அரிசி வந்தபின் அந்தத் தேவை மறைந்துவிட்டது. அது மறைந்தது நல்லது. ஆனால் அதோடு ஆண்டுக்கு ஒருமுறை வரப்பெல்லாம் வெட்டிச் சுத்தமாகிவந்த ஒரு வேலையும் நின்றுபோனது. அறுவடை இயந்திரம் வந்ததும் கூலிக்காரர்கள் வயலில் நிற்கும் நாட்களும் சுருங்கின.

எலிக்கறி என்ற சொல்

எலியைத் தின்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல, எளிய மக்களுக்கு மட்டும் உரியதாகவும் இருந்ததில்லை. 12ஆம் நூற்றாண்டுச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசம் அரண்மனை உணவுகளைச் சொல்லும் இடத்தில் ஆற்றங்கரை வயல் எலியைச் சமைக்கும் விதத்தையும் எழுதியிருக்கிறது. உலகின் மற்றொரு பெரிய நெற்களஞ்சியமான வியட்நாமின் மேகாங் படுகையில் வயலெலி இறைச்சி சந்தைப் பொருள். அங்கே ஆண்டுக்கு 3,300 முதல் 3,600 டன் எலி விற்பனைக்கு வருவதாக 2003இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அங்கே எலி பிடிப்பவர் ஒரு வியாபாரி. இங்கே அவர் ஒதுக்கப்பட்டவர்.

நம் ஊரில் எலி உண்பவர்களிடம் தெளிவான விதிகள் உண்டு. வீட்டெலியைத் தொடமாட்டார்கள். சாக்கடைப் பெருச்சாளியைத் தொடமாட்டார்கள். நெல்லும் புல்லும் தின்று கொழுத்த வயலெலிதான் கறி. தீயில் வாட்டி மயிரைப் பொசுக்கி, குடலை நீக்கி, மஞ்சள் தடவி, மிளகாயும் மிளகும் போட்டு வறுப்பார்கள். அறுவடை முடிந்த காலத்து எலிக்குச் சுவை அதிகம் என்பார்கள். மற்றவர்கள் ஆட்டுக்கறிக்குப் பார்க்கிற பக்குவம் எல்லாம் இதற்கும் உண்டு.

இந்த உணவுக்கு இழிவு ஒட்டியது இரு வழிகளில். ஒன்று சாதி. பீகாரில் முசகர் என்று ஒரு சமூகத்துக்கே எலி தின்பவர் என்று பொருள்படும் பெயரைச் சூட்டிவைத்தார்கள். 2008இல் பீகார் நலத்துறைச் செயலாளர் ஒருவர் எலிக்கறியை எல்லோரும் உண்ணலாம் என்று சொன்னபோது நாடே அதிர்ந்ததற்குக் காரணம் எலி அல்ல, அதைத் தின்பவர்கள் யார் என்பதுதான். இன்னொன்று பஞ்சம். 2000களின் தொடக்கத்தில் காவிரியில் தண்ணீர் வராமல் குறுவை அடுத்தடுத்துப் பொய்த்தபோது, தஞ்சை விவசாயி எலிக்கறி தின்னும் நிலைக்கு வந்துவிட்டான் என்ற பேச்சு தமிழக அரசியல் மேடைகளில் ஓங்கி ஒலித்தது. 2016இல் வடகிழக்குப் பருவமழை தவறி, 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்த மார்ச்சில் பி.அய்யாக்கண்ணு தலைமையில் டெல்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்த விவசாயிகள் எலியை வாயில் கவ்வி நின்றார்கள். அந்தப் படம் உலகெங்கும் போயிற்று.

அந்த விவசாயிகளின் துயரம் உண்மை. கடன் உண்மை, காய்ந்த வயல் உண்மை. ஆனால் அந்தப் படம் சொன்ன இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். நிலம் வைத்திருப்பவர் எலி தின்றால் அது நாட்டுக்கே அவமானம் என்றால், அவர் வயலில் கிட்டி வைத்து வாழ்நாளெல்லாம் எலி தின்றவர் யார்? அவருடைய உணவை நாம் பசியின் கடைசிப் படி என்று பெயரிட்டுவிட்டோம். 2021இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்தில் இருளர் குடும்பம் எலி பிடிக்கும் காட்சிகள் பலரை உலுக்கின. அந்தக் காட்சியில் இருந்த கைத்திறனையும் மகிழ்ச்சியையும் பார்க்கப் பழகுவதுதான் நமக்கு இன்னும் பாக்கி.

கூகையும் சாரையும்

எலிகள் கடல்போல் திரண்டு ஆர்த்தாலும் நாகம் மூச்சுவிட்டால் ஒழியும் என்று வள்ளுவர் படைமாட்சியில் உவமை சொன்னார். ஓர் உவமை நிற்க வேண்டுமானால் கேட்பவர்கள் அதைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும். நல்ல பாம்பும் சாரையும் வயலெலியின் பின்னால் வங்குக்குள்ளேயே நுழையக்கூடியவை. நரி, காட்டுப்பூனை, கீரி, உடும்பு, பருந்து, புள்ளி ஆந்தை என்று எலியை நம்பி வாழும் கூட்டம் பெரிது. இரவு முழுக்க எலி தேடுவதில் முதலிடம் கூகைக்கு.

காவிரிப் படுகையில் கூகைக்கு வீடு கட்டிக் கொடுத்தவர்கள் சோழர்களும் நாயக்கர்களும். கோபுர மாடங்களிலும் பழைய மண்டபங்களிலும் அது குடியிருக்கிறது. இரவில் விழுங்கிய எலியின் எலும்பையும் மயிரையும் பகலில் உருண்டையாகக் கக்கிப் போடும். மயிலாடுதுறைக்கு அருகே மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியின் விலங்கியலாளர்கள் 1990களில் இந்த உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளிருந்த எலும்புகளில் பெரும்பங்கு கரம்பை எலி, புல் எலி, சுண்டெலி ஆகியவற்றுடையது. நம் வயலைக் கெடுக்கும் அதே இனங்களைத்தான் கூகை தேர்ந்து தின்கிறது. வயலில் ‘டி’ வடிவத்தில் குச்சி நட்டு வைத்தால் அது அங்கே வந்து அமரும். கூடு வைக்கப் பெட்டி கட்டிக் கொடுத்தால் குஞ்சும் பொரிக்கும். மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் இதைப் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். நாமோ கூகை அலறினால் சாவு வரும் என்று கல்லெறிகிறோம்.

இந்தச் சங்கிலியில் ஒரு கசப்பான கண்ணியும் உண்டு. எலி பெருகிய வரப்புக்குக் கண்ணாடி விரியனும் வரும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்தார். வரப்பில் எலியைக் குறைத்து, வரப்பைத் துப்புரவாக வைத்தால் காலில் படும் பாம்பும் குறையும். கண்ட பாம்பையெல்லாம் அடித்தால் எலிதான் கூடும்.

நஞ்சும் மின்கம்பியும்

கிட்டிக்காரர் கிடைக்காத ஊரில் விவசாயி நாடுவது மருந்துக்கடையை. துத்தநாகப் பாஸ்பைடு உடனே கொல்லும். ஆனால் கொஞ்சம் தின்று நோவுபட்டுப் பிழைத்த எலி மறுபடி அந்த இரையை நெருங்காது. அதனால்தான் முதலில் 2, 3 நாள் நஞ்சில்லாத இரையை வைத்துப் பழக்க வேண்டும் என்கிறார்கள். அவசரத்தில் அதைச் செய்பவர் குறைவு. புரோமடியலோன் மெல்லக் கொல்லும்; ரத்தம் உறையாமல் செய்து சில நாட்களில் சாகடிக்கும். அந்தச் சில நாட்களில்தான் ஆபத்து இருக்கிறது. நஞ்சுண்டு தள்ளாடும் எலி கூகைக்கும் பூனைக்கும் எளிய இரை. அந்த எலி ஒரு தொழிலாளியின் சட்டிக்கும் போகலாம். எலி உண்ணும் மக்கள் வாழும் ஊரில் சொல்லாமல் நஞ்சு வைப்பது அவர்கள் சோற்றில் நஞ்சு வைப்பதற்குச் சமம்.

அதைவிடக் கொடியது மின்கம்பி. எலிக்கென்று வரப்போரம் திருட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் அதிகாலை தண்ணீர் பாய்ச்சப் போனவர் இறந்தார் என்ற செய்தி தமிழ்நாட்டில் அடிக்கடி வருகிறது. அது குற்றம், கொலைக்கு ஒப்பானது. எந்த விளைச்சல் இழப்பும் அதை நியாயப்படுத்தாது.

எலி பிடிப்பவர் நலத்தையும் இங்கே பேச வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலிலுள்ள வெடிப்பு வழியாகப் புகுந்து எலிக்காய்ச்சலைத் தருகிறது. எலியின் உடலில் ஒட்டியிருக்கும் சிற்றுண்ணிகள் வேறொரு காய்ச்சலைப் பரப்புகின்றன. வெறுங்கையால் எலியை உரிப்பவருக்கும் சேற்றில் நாளெல்லாம் நிற்பவருக்கும் இவை பக்கத்திலேயே உள்ள ஆபத்துகள். கையுறை, சோப்பு, நன்றாக வேகவைத்த கறி, காய்ச்சல் வந்தால் ‘எலி வேலை பார்க்கிறேன்’ என்று மருத்துவரிடம் சொல்லும் பழக்கம் ஆகியவை உயிரைக் காக்கும்.

செய்ய வேண்டியது

எலி வேலியைப் பார்ப்பதில்லை, பட்டாவையும் பார்ப்பதில்லை. ஒருவர் மட்டும் பிடித்தால் பக்கத்து வயலிலிருந்து 2 வாரத்தில் புது எலி குடியேறிவிடும். இந்த ஒரு உண்மையிலிருந்துதான் தென்கிழக்காசிய நாடுகளில் ஊர் கூடி எலி பிடிக்கும் முறை வளர்ந்தது. நடவு முடிந்த முதல் சில வாரங்களில், எலி இன்னும் பெருகாதபோது, ஒரு வாய்க்கால் பாசனத்துக்கு உட்பட்ட எல்லா வயலிலும் ஒரே நாளில் கிட்டி வைக்க வேண்டும். கதிர் வந்தபின் ஓடுவது காலம் கடந்த வேலை.

அந்த வேலைக்கு ஆள் நம்மிடமே இருக்கிறார்கள். பாம்பு பிடிக்கும் இருளர்கள் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, நஞ்சு எடுத்து விற்று, மதிப்புள்ள தொழிலாக அதை மாற்றினார்கள். அவர்களில் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். கிட்டிக்காரர்களுக்கும் அப்படியொரு சங்கம் அமைய முடியும். பாசனதாரர் சங்கமோ ஊராட்சியோ பருவத்துக்கு ஒப்பந்தம் பேசி, எலிக்கு இவ்வளவு என்று நியாயமான கூலி கொடுத்து, காலணியும் கையுறையும் காப்பீடும் தந்தால், மருந்துக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி ஊருக்குள்ளேயே நிற்கும். கிட்டி வைக்கும் பகுதியில் நஞ்சு வைப்பதில்லை என்று ஊர்க்கட்டுப்பாடு போட்டால் கறியும் காப்பாற்றப்படும், கூகையும் காப்பாற்றப்படும்.

எலி இல்லாத வயல் காவிரிப் படுகையில் இருந்ததே இல்லை, இனியும் இருக்காது. அதை அளவுக்குள் வைத்திருந்தவர்கள் கிட்டிக்காரரும் கூகையும் சாரையும் மெல்லிய வரப்பும். இவர்களைத் தள்ளிவிட்டு நஞ்சையும் மின்சாரத்தையும் நம்பியதுதான் நம் தவறு. இந்தச் சம்பாவில் உங்கள் வயலுக்குக் கிட்டி தூக்கி வருபவரை நிறுத்தி அவர் கூலியை முழுதாகக் கொடுங்கள். அவர் எலியை எடுத்துச் செல்லும்போது முகம் சுளிக்காதீர்கள். அவர் கொண்டுபோவது உங்கள் நெல்லைத் தின்று வளர்ந்த கறி.